வியாழக்கிழமை பின்னேரத்து அமெரிக்கா

டியூசன் வாத்தியார் என்பவர் ஊரார் எழுதுகிற பரீட்சைக்குத் தான் காய்ச்சல் வந்து படுக்கிற ஆள். உங்களில் யாராவது நாலு பேரைக் கதிரையில் இருத்திப் படிப்பித்திருந்தால், இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் எனக்கு இரண்டு வேலை. காலையில் படிக்கட்டுக் கழுவுவேன். வியாழக்கிழமை பின்னேரம் வாத்தியார். ஏன் வியாழன் என்றால், இத்தாலிய வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அந்த அரைநாள்தான் சொந்தம். அன்றைக்கு அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில், மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் வந்து இருப்பார்கள். பெரியவர்களுக்கான மாலைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்குப் படித்தவர்கள். அங்கே இத்தாலியனில் விளங்காததை என்னிடம் தமிழில் விளங்காமல் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஞானம் அண்ணை யாழ்ப்பாணம். ஒரேத்தோ தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தின் காவலாளி. சூசை ஊரில் தீவுப்பக்கத்துப் பொடியன், இங்கே பல்லரோ சந்தையில் மீன் வெட்டுகிறவன். இவர்கள் இருவரும் படித்தது கௌரவத்துக்கு. மன்னார் பிலோமினா அக்காவின் கதை வேறு. வயதான ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் தங்கி வேலை செய்தவ. செப்டெம்பரில் தொடங்கவிருந்த ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சியில் சேர அவவுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். விட்டுப் போகப்போகிறேன் என்று சிஞ்ஞோராவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியமும் இல்லை.

வாய்மொழிப் பரீட்சைக்கு மூன்று பேருக்கும் சரித்திரத்தில் ஒரே பாடம் விழுந்தது: அமெரிக்காவில் ஆங்கிலேயரின் குடியேற்றங்கள், அங்கே ஆட்சி, உரிமை, சனங்களின் நிலை. ஊரில் சரித்திரம் படிப்பித்த எனக்குச் சோழரைத் தெரியும், ஒல்லாந்தரைத் தெரியும். மாசச்சூசெட்ஸைத் தெரியாது. புதன்கிழமை படித்துவிட்டு, வியாழக்கிழமை பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் மாதிரி நிற்பதை நீங்களும் செய்திருப்பீர்கள்.

கடல் தாண்டி வந்த ஆளுநர்

முதல் பாடம் ஆட்சி. பல குடியேற்றங்களில் ஆளுநரை இங்கிலாந்து ராஜா அனுப்புவார். சட்டசபையை உள்ளூர்க்காரர் தெரிவு செய்வார்கள். ஆளுநருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியது சட்டசபை. அவர் முரண்டு பிடித்தால் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள். சொல்லி முடித்துவிட்டு, விளங்கினதோ என்று கேட்டேன்.

ஞானம் அண்ணையின் முகம் மலர்ந்தது. அவருடைய கட்டடத்திலும் அப்படித்தானாம். நிர்வாகி என்று ஒருவர் வெளியிலிருந்து வந்து கூட்டம் வைப்பார். மாடிக்காரர் சத்தம் போடுவார்கள், பிறகு ஒருவரும் காசு கட்டமாட்டார்கள், பழுதான லிஃப்ட் அப்படியே நிற்கும். அமெரிக்கச் சரித்திரம் இவ்வளவு சுலபமாக ஒருவருக்குள் இறங்கியதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் கையை உயர்த்திக் கேட்டார்: "அப்ப அமெரிக்காவிலை லிஃப்ட் எவ்வளவு காலம் நிண்டது, மாஸ்டர்?"

ஆருக்கு வாக்கு?

அடுத்தது வாக்குரிமை. காணி பூமி உள்ள ஆம்பிளைக்குத்தான் வாக்கு. பெண்களுக்கு இல்லை, வேலைக்காரருக்கு இல்லை. இதுவரைக்கும் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பல இடங்களில் கத்தோலிக்கருக்கும் இல்லை என்றதும் சூசை எழும்பிவிட்டான்.

"கத்தோலிக்கருக்கு இல்லையோ? மாஸ்டர், புத்தகத்தை வடிவாப் பாருங்கோ!"

பார்த்தேன். இல்லைதான். பலெர்மோவில் திரும்பிய பக்கமெல்லாம் மாதா சுரூபத்தைப் பார்த்துப் பழகியவனுக்கு, ஞானஸ்நானம் எடுத்தும் வாக்கில்லாத ஓர் உலகத்தைத் தாங்க முடியவில்லை. அது பழைய காலம், அவர்கள் வேறு சபைக்காரர் என்று எவ்வளவோ சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். கடைசியில் நெற்றியில் திருநீற்றோடு இருந்த ஞானம் அண்ணைதான் அவன் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்: "விடடா சூசை, எங்களை எண்டால் கப்பலிலையே ஏத்தியிருக்கமாட்டாங்கள்."

மூன்றாம் பந்தி

எங்கள் ஆட்களுக்கு நோட்ஸ் வேண்டும். விளக்கம் எவ்வளவு கொடுத்தாலும், "அது சரி மாஸ்டர், நோட்ஸ் எங்கை?" என்பார்கள். ஆகவே நாலு பந்தி இத்தாலியனில் எழுதி, வாசிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்திலேயே கொடுத்தேன். ஞானம் அண்ணை இரண்டு வாரத்தில் தேவாரம் மாதிரிப் பாடமாக்கிவிட்டார். ஓரத்தில் நான் எழுதியிருந்த "இது நிச்சயம் வரும்" என்பதையும் சேர்த்துத்தான்.

ஒத்திகை வைத்தேன். நான் பரீட்சகர், அவர் மாணவர். தெற்குக் குடியேற்றங்களில் பெருந்தோட்டங்கள் எப்படி இருந்தன என்று இத்தாலியனில் கேட்டேன். அவர் கண்ணை மூடினார், உதடு அசைந்தது, வியர்த்தது. பிறகு கண்ணைத் திறந்து, என்னில்தான் பிழை என்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்: "மாஸ்டர், அது மூண்டாம் பந்தி. முதலாம் பந்தியிலையிருந்து கேட்டால்தான் அங்கை போய்ச் சேரலாம்."

ஒப்பந்த வேலைக்காரர்

நாலாம் பந்தி சனங்களின் நிலை. கப்பலுக்குக் காசில்லாத ஏழைகளை ஒரு எசமான் காசு கட்டி எடுப்பிப்பான். அதற்கு ஈடாக நாலு வருஷமோ ஏழு வருஷமோ அவன் வீட்டில் உழைக்கவேண்டும். கேட்காமல் வெளியே போகக்கூடாது, கலியாணம் கட்டக்கூடாது. ஓடிப் பிடிபட்டால் வருஷம் கூடும். எசமான் விரும்பினால் மிச்ச வருஷங்களை இன்னொருவனுக்கு விற்கலாம். இதை அவர்களுக்குப் பெரிதாக விளக்கவேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டாமல் அந்த அறைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை, நான் உட்பட.

பிலோமினா அக்கா வகுப்பில் கேள்வி கேட்கிறவ அல்ல. அன்றைக்குக் கேட்டா: "அவையளுக்கு வியாழக்கிழமை பின்னேரம் லீவு இருந்ததே, மாஸ்டர்?"

சிஞ்ஞோராவின் குசினி

பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து விழுந்தது. செப்டெம்பரைச் சொல்லாமல், பரீட்சை என்று மட்டும் சொல்லி பிலோமினா அக்கா லீவு கேட்டா. சிஞ்ஞோரா மறுக்கவில்லை, பண்டமாற்றுச் செய்தா: செவ்வாய் எடு, முந்தின வியாழனைத் தா. அந்த வியாழன்தான் எங்கள் கடைசி வகுப்பு. வேறு வழியில்லாமல் நானே புத்தகத்தோடு அந்த வீட்டுக் குசினிக்குப் போனேன்.

சிஞ்ஞோரா எதிரே இருந்து போஞ்சிக்காய் கிள்ளினா. ஆளுநர் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், சிசிலிக்கு ஸ்பெயின் ராஜா அனுப்பிய ராஜப்பிரதிநிதிகளைத் திட்டத் தொடங்கினா. முந்தாநாள் அவர்களோடு சந்தையில் சண்டை பிடித்தவ மாதிரி இருந்தது. பிறகு பிலோமினா அக்கா நாலாம் பந்தியைச் சொன்னா. கேட்காமல் வெளியே போகக்கூடாது என்ற இடத்தில் போஞ்சிக்காய் கிள்ளிய கை நின்றது.

"பிலோமினா, நான் அவ்வளவு பொல்லாதவள் இல்லைத்தானே?" என்றா சிஞ்ஞோரா.

அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னா: "நீங்கள் வியாழக்கிழமை தாறனீங்கள், சிஞ்ஞோரா. இண்டைக்குத்தான் எடுத்துப்போட்டியள்."

செவ்வாய்க்கிழமை

வாய்மொழிப் பரீட்சையை யாரும் பின்னால் இருந்து கேட்கலாம். நான் போயிருந்தேன். நான் எதிர்பாராதது, நல்ல உடுப்போடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்த சிஞ்ஞோராவை. தன் குசினியில் படித்த பாடம் எப்படிப் போகிறதென்று பார்க்க வந்தாவாம்.

ஞானம் அண்ணைக்கு அதிர்ஷ்டம், முதலாம் பந்தியில் கேட்டார்கள். பிறகு அவரை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. "இது நிச்சயம் வரும்" என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழும்பினார். சூசையிடம் வாக்குரிமை கேட்டார்கள். இன்னும் கோபம் ஆறாதவன், கையையும் காலையும் ஆட்டி நன்றாகவே சொன்னான். பிலோமினா அக்காவிடம் பரீட்சகர் அம்மா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்தக் காலத்து மனிதருக்கு இருந்த உரிமைகளில் உங்களுக்கு எது பெரிதாகப் படுகிறது என்று கேட்டா. நோட்ஸில் இல்லாத கேள்வி.

அக்கா தன்னுடைய இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாக வைத்தா: "முடியிற திகதி. ஒப்பந்த வேலைக்காரருக்கு அது இருந்தது. ஆபிரிக்காவிலையிருந்து அடிமையாக் கொண்டுவந்த சனத்துக்கு இருக்கேல்லை, அவையின்ர பிள்ளையளுக்கும் இருக்கேல்லை. எனக்கு ஒருத்தரும் திகதி போடேல்லை. நானே போட்டிருக்கிறன். செப்டெம்பர்."

பரீட்சகர் அம்மா எழுதிய பேனையை வைத்துவிட்டா. எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த சிஞ்ஞோராவைத் திரும்பிப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. அன்றைக்கே மூன்று பேரும் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். தாழ்வாரத்தில் சூசை எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். சிஞ்ஞோரா நேரே பிலோமினா அக்காவிடம் நடந்துபோய், அவவின் கொலரைச் சரிசெய்து, கன்னத்தில் முத்தம் வைத்து, வீட்டில் உத்தரவு போடுகிற அதே குரலில் சொன்னா: "ஆகஸ்ட் மாதத்துத் தக்காளிச் சாறெல்லாம் போத்தலில் அடைத்து முடியாமல் என் வீட்டில் செப்டெம்பர் வராது, சொல்லிவிட்டேன்."

இந்தத் தொழிலில் நன்றாகப் படிப்பித்ததற்கு அத்தாட்சி என்னவென்றால், அடுத்த வியாழக்கிழமை வாத்தியார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலிக் கதிரைகளோடு தனியே இருப்பதுதான்.