மணிக்கட்டில் இறுகிய கயிறு

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மதியம். கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி ஓர் ஓடையில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். மலையில் பிறக்கும் தண்ணீர் கடலில் கலப்பதற்குள் அதில் எங்கெங்கே, எவ்வளவு பிளாஸ்டிக் துகள் சேர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களைப் பிடிக்க, மெல்லிய வலையை ஓட்டத்துக்கு எதிராக விரித்துப் பிடிக்க வேண்டும். நழுவிவிடக் கூடாதே என்று அதன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன். கூட வந்த தோழி, சோதனைக்கு எடுத்த தண்ணீர்ப் பாட்டில்களை வைக்க ஜீப்புக்குப் போயிருந்தாள்.

நான் நின்ற இடத்தில் நல்ல வெயில். மேலே மழை கொட்டியது எனக்குத் தெரியாது. திடீரென்று தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. சருகும் சுள்ளியும் காலில் மோதின. கரைக்குத் திரும்புவதற்குள் இடுப்புவரை ஏறிவிட்டது. வெள்ளம் புகுந்த வலை என்னை இழுத்துத் தள்ள, கைக்கு எட்டிய பாறையைக் கட்டிக்கொண்டேன். பாறையை விட்டால்தான் முடிச்சை அவிழ்க்க முடியும்; விட்டால் போய்விடுவேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கரைமேட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தார்.

“கயித்த வுடும்மா, கயித்த வுடு.”

“கட்டியிருக்குக்கா. அவுக்க முடியல.”

ஒரு கையால் கரையோர வேரைப் பற்றிக்கொண்டு, அரிவாளோடு அப்படியே இறங்கிவிட்டார். ஆடும் தண்ணீரில் அந்த அரிவாள் என் மணிக்கட்டை நெருங்கியபோது, வெள்ளத்தைவிட அதற்குத்தான் பயந்தேன்.

“கைய ஆட்டாத கண்ணு. என்னப் பாரு.”

கண்ணை மூடிக்கொண்டேன். கயிறு அறுந்து வலை போனது. என் முடியைப் பிடித்து இழுத்தாரா, சட்டையையா, நினைவில்லை. கரையில் கிடந்தேன்.

பக்கத்தில் அவர் பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கிக்கொண்டிருந்தார். நன்றாக நீந்துவீர்களா என்று கேட்டேன்.

“எனக்கு இன்னா நீச்சல் தெரியும்? தண்ணின்னாலே பயம். எங்க வூட்டுக்காரு தம்பிய இந்த ஓடதான் இஸ்துக்கினு போச்சி.”

அவர் கையைப் பிடித்தபடியே அழுதேன்.

இப்போதும் அந்த மலைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறேன். ஓடையில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும், அன்று அவரும் கரைக்குத் திரும்பாமல் போயிருந்தால் என்ற நினைப்பில் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே கூடாது என்றுதான் தோன்றுகிறது.