பெருச்சாளிக்கு வாங்கிய லேசர்

என் கணவருக்குப் பார்வை ஒரு கண்ணில்தான். வலது கண் துறைமுகப் பட்டறையில் போயிற்று. இரும்பை அரைக்கும்போது தெறித்த பொறி. அந்த வேலையை விட்டு, இந்த வங்காள ஊரில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் நம்மூர்ச் சாமான் விற்கிற மளிகைக்கடை வைத்ததே அதனால்தான். மிச்சமிருக்கும் இடது கண்ணை அவரைவிட நான்தான் அதிகம் காவல் காத்திருக்கிறேன். தாளிக்கும்போது அடுப்புப் பக்கம் வரவிட மாட்டேன். காளி பூஜைக்குப் பட்டாசு தொடங்கினால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அந்தக் கண் போனால் அவருக்கு எல்லாமே போயிற்று. இது எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை. ஒரே ஒருநாள் மறந்தது.

மழை முடிந்ததும் கிடங்கில் பெருச்சாளி இறங்கியது. சாக்கடையிலிருந்து தரையைக் குடைந்து வந்தது. ஓட்டையில் சிமெண்ட் பூசினால் ஒரு முழம் தள்ளி அடுத்த ஓட்டை. இட்லி அரிசி மூட்டைகளைக் கிழித்துப் போட்டது. கிழித்தால்கூடப் பரவாயில்லை, மேலே மூத்திரமும் பெய்துவிட்டுப் போகும். அந்த மூட்டையை அப்படியே குப்பைக்குத் தூக்க வேண்டியதுதான். கூண்டு வைத்தால் சுண்டெலி மாட்டியது. பசை அட்டை வைத்தால் அதையும் காலோடு இழுத்துக்கொண்டு மிளகாய் மூட்டை வரை நடந்திருந்தது. விஷம் வைக்க நான் விடவில்லை. சாப்பாட்டுச் சாமான் விற்கிற இடத்தில் விஷம் வைக்கிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை.

அவரிடம் ஒரு ஏர்கன் உண்டு, லைசென்ஸ் வேண்டாத வகை. நன்றாகவே சுடுவார். மற்றவர்கள் குறி பார்க்க ஒரு கண்ணை மூட வேண்டும், எனக்கு அந்த வேலை மிச்சம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் விளக்கு எரிந்தால் பெருச்சாளி வராது, அணைத்தால் இவருக்குக் குறி தெரியாது. அதனால் துப்பாக்கியில் மாட்டுகிற சிவப்பு லேசர் ஒன்றை வாங்கினார். முதல் ராத்திரியே அந்தச் சிவப்புப் புள்ளி கிடங்கு ஜன்னல் வழியாகப் போய் எதிர்வீட்டுக் கொசுவலையில் விழுந்தது. காலையில் எதிர்வீட்டு மருமகள், நாங்கள் பௌதி என்று கூப்பிடுகிறவள், வந்து நின்றாள். அவளுடைய மாமியார் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு விடியும் வரை உட்கார்ந்தே இருந்தாராம். இன்னொரு தடவை நடந்தால் தெருச் சண்டையைத் தீர்த்துவைக்கிற கிளப்பில் சொல்லிவிடுவாளாம். நான் அவளுக்கு அரைக் கிலோ காபித்தூள் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத லேசரைப் பற்றி எங்கோ பார்த்துவிட்டு வந்தார். இன்ஃப்ராரெட். மனிதக் கண்ணுக்குப் புள்ளி தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எங்கள் கிடங்கில் திருட்டுக்குப் பயந்து மாட்டிய கேமரா இருக்கிறது. இருட்டில் அதில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். போனை ஒரு மூட்டைமேல் சாய்த்து வைத்து, அதில் புள்ளியைப் பார்த்தே சுடலாம் என்றார். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. தெரியாத புள்ளிக்கு யார் வந்து சண்டை போடுவார்கள்? எவ்வளவு முட்டாள்தனமான நினைப்பு என்று இப்போது தெரிகிறது. தெரியவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்றா அர்த்தம்?

தர்மதலா பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ஒரு சந்துக்குள் போனோம். கடைக்காரர் இரண்டு லேசரை எடுத்து வைத்தார். ஒன்றின் டப்பாவில் மஞ்சள் முக்கோணம், எத்தனை மில்லிவாட், எந்த வகை, கண்ணுக்கு நேராகக் காட்டாதே என்று எல்லாம் அச்சடித்திருந்தது. துப்பாக்கியில் பொருத்தும் கவ்வி, புள்ளியை நகர்த்துகிற திருகு, சின்னப் பூட்டுச் சாவிகூட இருந்தது. இன்னொன்று கறுப்புக் குழாய், வெள்ளை டப்பா. ஒரு எழுத்து இல்லை. முதலாவதன் விலை இதைப்போல் மூன்று மடங்கு.

கடைக்காரர் இரண்டையும் சுவரில் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. தன் போன் கேமராவை நீட்டினார், இரண்டுமே வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரிந்தன. உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான் அக்கா, காசு டப்பாவுக்குத்தான் என்றார் இந்தியில்.

என் கணவர் முக்கோணம் போட்டதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, எழுதியிருக்கிறதயே வாங்கிருவோம். அதுல எவ்வளவு பவருன்னே போடல."

"பெருச்சாளி என்ன, டப்பாவ படிச்சிட்டா சாவப்போவுது?" என்றேன்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார். நான் வெள்ளை டப்பாவுக்கும் பேரம் பேசி இன்னும் குறைத்தேன். மெட்ரோவில் வரும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இரண்டு ராத்திரி நன்றாக வேலை செய்தது. ஒரு பெருச்சாளி விழுந்தது, பூனை அளவு இருந்தது. மூன்றாம் நாள் காலையில் துவரம்பருப்பு கட்டிக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார், ராத்திரி லேசர் எரியவில்லை என்று.

"எரியலன்னு எப்படித் தெரியும்?"

"போன்ல புள்ளி வரல. கழட்டிப் பாத்தேன்."

"எதப் பாத்தீங்க?"

"லைட்டத்தான். உள்ள லேசா செவப்பா தெரிஞ்சுது. பேட்டரி போயிருக்கும்."

போனை வாங்கிப் பார்த்தேன். கிடங்குக் கேமராவின் படம், அவர் லேசரைப் போடுவதற்கு முன்பே, முந்தின ராத்திரி நேரத்தோடு அப்படியே உறைந்து நின்றது. லேசர் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நின்றுபோனது படம். இந்த மனிதர் எரிகிற லேசரைத் தன் ஒரே கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

அன்று மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு லேசரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இந்த வெளிச்சத்தில் துளி அளவுதான் கண்ணுக்குத் தெரியுமாம். மங்கலாகத் தெரிவதால் அது பலமில்லாதது என்று ஆகாதாம். கண் கூசினால் இமை தானாக மூடும், தெரியாத வெளிச்சத்துக்கு இமை மூடாது, சுடுவது சுட்டுக்கொண்டே இருக்கும். படித்து முடித்ததும் இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து அந்தக் குழாயை நசுக்கினேன். டப்பாவையும் சேர்த்து.

டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டேன் என்றார். நன்றாகத்தானே தெரிகிறது, வாடிக்கையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் உட்கார முடியாது என்றார். அதனால் நானே சோதித்தேன். காலையில் கடை திறந்ததும் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் தூக்கிக் காட்டுவேன். ரசப்பொடி, அப்பளம், வறுத்த சேமியா என்று கடகடவென்று சொல்வார். சின்ன எழுத்தையும் சொல்வார். ஒரு வாரம் இப்படிப் போனது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு ஒருநாள் எடை போடும்போது அவரைக் கவனித்தேன். மிஷினில் எண்ணைப் பார்க்கக் கழுத்தைக் கோழி மாதிரி ஒரு பக்கம் சாய்த்தார். முன்பு அப்படிப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் பவானிபூரிலிருந்து வழக்கமாக வருகிற வாடிக்கைக்காரர் ஒருவர் சாமான் சீட்டைக் கொடுத்தார், கையால் எழுதியது. இவர் சீட்டைத் தூரமாகப் பிடித்தார், பக்கவாட்டில் பிடித்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீயே வாசி. என்ன கையெழுத்தோ, கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

சீட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூட டீச்சர் கரும்பலகையில் எழுதுவதுபோல் குண்டு குண்டான எழுத்து.

பாக்கெட்டுகளை அவர் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பதினான்கு வருஷமாக அவர் கையால் அடுக்கிய பாக்கெட். நிறத்தையும் அளவையும் வைத்தே சொல்லியிருக்கிறார். ஏமாற்றினாரா, தனக்கே தெரியவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகும், சண்டையில் இன்னும் ஒருநாள் போகும். மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்பாவை விரிந்து கறுப்பாக நின்றது. இருட்டறையில் தாடையைக் கட்டையில் வைக்கச் சொல்லி டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு வங்காளத்தில் மெதுவாகச் சொன்னார். விழித்திரையின் நடுவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சூட்டுத் தழும்பு. முழுசாகப் போகவில்லை. கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாதக்கணக்கில் ஆகும். மருந்து என்று எதுவும் கிடையாது.

லேசர் எத்தனை மில்லிவாட், எந்த வகை என்று கேட்டார். தெரியாது என்றேன். டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். ஒன்றும் எழுதவில்லை என்றேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு கண் மட்டும் உள்ள மனிதருக்கு ஒரு எழுத்துகூட இல்லாத சாமானை யார் வாங்கியது என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். கேட்க வேண்டியதுதான்.

"நான்தான் வாங்கினேன், டாக்டர்பாபு," என்றார் என் கணவர் வங்காளத்தில்.

"இல்ல. நான் வாங்கினேன்," என்றேன் நானும் வங்காளத்திலேயே. "இவர் வேணாம்னாரு. எழுதியிருக்கிறத வாங்கலாம்னாரு. நான்தான் கேக்கல."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வெயில் கொளுத்தியது. மருந்து விட்ட கண்ணுக்குக் கூச்சம் தாங்கவில்லை. என் புடவை முந்தானையை அவர் முகத்துக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தேன், அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். ஆட்டோ நிற்கிற இடத்துக்கு வந்ததும் கேட்டார்:

"இப்ப எதுக்கு அத அவர்ட்ட சொன்ன? சொன்னா கண்ணு வந்துருமா?"

"வராது," என்றேன். "குனிஞ்சு ஏறுங்க, மேல கம்பி இடிக்கும்."