படுத்த கிணறு

கடலோர ஊரான வங்காலையில் சந்தியாப்பிள்ளை கிணறு கட்டுகிற மேசன். ஊருக்கே தண்ணீர் கொடுத்த மனிதர். ஆனால் குனிந்து எட்டிப் பார்த்தாலொழிய அவர் வேலை ஒருவர் கண்ணிலும் படாது. அந்தக் கவலை அவரை விடவேயில்லை.

"கடலிலை வாறவன்ரை கண்ணிலை படுறமாதிரி ஒண்டெண்டாலும் கட்டிப்போட்டுத்தான் சாவன்" என்பார்.

"முதல் எங்கடை கூரையை வேயுங்கோ" என்பாள் மனைவி செலீனா.

1892இல் வேதக்கோயில் வளவில் பிரெஞ்சுச் சுவாமியார் திராட்சைக் கொடி வளர்த்தார், பூசைக்கு ரசம் வடிக்க. தன் ஊரில் மலையின் வயிற்றைக் குடைந்து ரசம் வைப்பார்கள், உள்ளே கோடையிலும் குளிரும் என்று சொன்னார். மணல் திட்டியைவிட உயரமானது எதையும் பார்த்திராத சந்தியாப்பிள்ளைக்கு அன்றிலிருந்து மலைக் கனவுதான். எருமைபோலப் படுத்துக்கிடந்த பெரிய குளிர்ந்த மலைக்குள் அவர் நடந்துகொண்டேயிருந்தார். சுவர்கள் வளைந்து தலைக்கு மேல் கூடின. விழித்தபோது, அது பக்கவாட்டில் படுத்த ஒரு கிணறு என்று பட்டது.

நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடுகிற ஊர்; நிலத்துக்குள் அறை குடைய முடியாது. ஆகவே நிலத்துக்கு மேலேயே, கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து, சுவாமியாரின் ரசத்துக்காக வளைந்த கூரையோடு நீள அறை கட்டினார். வெள்ளை வெளேரென்று நின்றது. தோணிக்காரர் அதை யாருடைய மாளிகை என்று விசாரித்தார்கள். பின்னேரங்களில் அவர் கரைக்குப் போய், அங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மனம் நிறைந்து கிடந்தது.

பங்குனி வெயிலில் அறை அடுப்பாய்க் கொதித்தது. மூன்று பீப்பாயில் ஒன்று புளித்துக் காடியாயிற்று. கொடிகளை வெட்டிவிடப்போவதாகச் சுவாமியார் சொன்னார். அதற்கு மருந்து சந்தியாப்பிள்ளைக்குத் தெரியும். மூன்று நாளும் பின்னேரம் கரையில் நின்று அந்த வெள்ளையையே பார்த்தார். நாலாம் நாள் சுவாமியார் முன் போய் நின்றார்.

"மேலாலை முழுக்க மண் போட்டு மூடோணும் சுவாமி. மண்ணுக்குள்ளைதான் குளிர் நிக்கும்."

"உம்முடைய கட்டிடம் மறைந்துபோகுமே?"

"ஓம் சுவாமி. ரசம் தப்பும்."

ஊர் கூடிப் பனையோலைக் கடகத்தில் மணல் சுமந்தது. எட்டாம் நாள் வாசலும், உச்சியில் ஒரு பாய் அகல வெள்ளையும்தான் மிச்சம். உள்ளே போன சுவாமியார் குளிரில் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஊரில் நிற்கிறவர்போல நின்றார்.

கடைசிக் கடகத்தோடு உச்சிக்கு ஏறிய செலீனாவுக்குக் கொட்ட மனம் வரவில்லை. அந்த வெள்ளையைப் பார்த்தபடி நின்றாள். சந்தியாப்பிள்ளை ஏறிவந்து, அவள் கையிலிருந்து கடகத்தை வாங்கித் தானே கொட்டினார்.