முதல் கொக்கி

விபத்தில் நசுங்கிய வண்டிகளை இழுத்துச் செல்வது அவர் தொழில். முரடன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரையே லாரியின் நெற்றியில் சிவப்பில் எழுதி வைத்திருந்தார்.

"முதல்ல கொக்கி மாட்டுறவனுக்குத்தான் வண்டி. இது தொழில் இல்லடா, சண்டை," என்பார். வேலை கேட்டு வரும் டிரைவரின் லைசென்ஸைவிடக் கைகளைத்தான் உற்றுப் பார்ப்பார்.

ஆரம்பத்தில் அது பலித்தது. ஒருமுறை போட்டிக் கம்பெனி லாரியின் கண்ணாடியை ஜாக்கிக் கம்பியால் அவரே நொறுக்கினார். தடுக்க வந்தவனின் தாடை பெயர்ந்தது. அதன்பின் இவர் லாரியைக் கண்டாலே மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஒற்றை லாரி ஐந்தானது.

புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்த தங்கை, ஷெட்டின் மூலையில் மேஜை போட்டு அலுவலகத்தைக் கவனித்தாள்.

"அண்ணா, இன்சூரன்ஸ்காரங்களோட ஒப்பந்தம் போட்டா அவங்களே கூப்பிடுவாங்க. யார் மண்டையையும் உடைக்க வேண்டாம்."

"கூப்பிட்ட இடத்துக்குப் போக நான் என்ன டாக்ஸியா? போய் வேலையப் பாரு."

சாதுவான டிரைவர்கள் ஒவ்வொருவராக வேலையிலிருந்து நின்றுகொண்டார்கள். மிஞ்சியவர்கள் சீட்டுக்கடியில் சங்கிலி வைத்திருந்தார்கள்.

ஒரு மழைப் பகலில் பாலத்தின் தடுப்புச் சுவரில் ஒரு கார் மோதியது. முரடன் முன்பக்கம் கொக்கி மாட்டினார். அதே நேரம் போட்டிக் கம்பெனி ஆட்கள் பின்பக்கம் மாட்டினார்கள்.

"கழட்டுடா!"

"நீ கழட்டுடா!"

இரண்டு லாரிகளும் இழுத்தன. காருக்குள்ளிருந்து அலறல் வந்தது. ஓட்டி வந்த பெண் உள்ளேதான் இருந்தாள். யாருமே குனிந்து பார்த்திருக்கவில்லை. தகரம் மடங்க மடங்க அவள் முழங்கால் நொறுங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கடா, உள்ள ஆள் இருக்கு!" என்று முரடன் கத்தினார். அதற்குள் சங்கிலிகள் சுழல ஆரம்பித்திருந்தன. விலக்கப் போன முரடனின் முகத்தில் அவருடைய டிரைவர் வீசிய சங்கிலியே விழுந்தது. இடது கண் போயிற்று. அந்தப் பெண்ணின் காலை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

முரடன் சிறைக்குப் போனார். தங்கை இரண்டு லாரிகளை விற்றாள், சங்கிலிக்காரர்களை வெளியேற்றினாள். புதிதாகச் சேர்த்த டிரைவர்களிடம், போய்ச் சேர்ந்ததும் முதலில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார், பிறகுதான் கொக்கி என்றாள். ஒப்பந்தம் கேட்டுப் போன இடங்களிலெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றியே கேட்டார்கள். தங்கை எதையும் மறைக்கவில்லை. வெகுகாலம் கம்பெனி தள்ளாடியது. கடைசியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி சம்மதித்தது, பிறகு இன்னொன்று.

விடுதலையாகி வந்தவர் ஷெட் வாசலில் நின்றார்.

"இப்ப இங்க முதலாளி யாரு?"

"நான்தான் அண்ணா."

அறைந்தார். அவள் உதடு கிழிந்தது. மெக்கானிக் பாய்ந்து அவர் கையை முறுக்கிப் பிடித்தான்.

"விடுப்பா," என்றாள் தங்கை, ரத்தத்தைத் துடைத்தபடி. "இன்னொரு தடவை கைய ஓங்கினா போலீஸக் கூப்பிடுவேன். வேலை வேணும்னா டயர் பக்கம் ஆள் இல்ல."

மறுநாள் காலை வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பஞ்சரான டயரை உருட்டிப்போட்டுக் கழற்றத் தொடங்கினார்.