மாப்பிள்ளைக்குக் கண் நல்லாத் தெரியும்

வாசலில் நிழல் தட்டியதும் பவர் சார் முகத்தைப் பார்ப்பதில்லை, மூக்கைத்தான் பார்க்கிறார். மூக்கின் இரு பக்கமும் பதிந்திருக்கும் பள்ளத்தை வைத்தே, வந்திருப்பவர் கண்ணாடியோடு படுத்துத் தூங்குபவரா, தலைக்கு மேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுபவரா, கோபம் வந்தால் கழற்றி மேசையில் வீசுபவரா என்று சொல்லிவிடுவார். சொல்லும்போதே கை நீளும். "ஒரு நிமிஷம் குடுங்க" என்பது கண்ணாடி அவர் கைக்குப் போன பிறகுதான் காதில் விழும். ஊதி, மஞ்சள் துணியால் துடைத்து, காதுக்கம்பியின் ஆணியைக் குட்டித் திருப்புளியால் ஒரு சுற்று முறுக்கி, திரும்ப மாட்டிவிடுவார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் இதே மரியாதைதான். எவ்வளவு பெரிய மனிதரானாலும் கண்ணாடி கழன்ற அந்த ஒரு நிமிடம் முகம் குழந்தையாகிவிடும். சண்டை போட வராது.

மருந்துக்கடைக்கும் சாவி போடுகிறவரின் கடைக்கும் நடுவில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளே நுழைந்தால் நான்கு பக்கமும் நிலைக்கண்ணாடி. சுவர் முழுக்க ஆளில்லாத மூக்குக்கண்ணாடிகள் வரிசையாக உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதுக்கு மட்டுமே தெரியும். தெருவுக்கு அவர் பவர் சார்.

உலகத்தில் யாருக்கும் எதுவும் பிடிக்காமல் போவதில்லை என்பது பவர் சாரின் கட்சி. சரியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இந்த ஃப்ரேம் வேண்டாம் என்று ஒருவர் தள்ளினால், அவரைக் கையைப் பிடித்து நடைபாதைக்கு அழைத்துப் போய், "இப்பப் பாருங்க" என்பார். அப்போதும் வேண்டாம் என்றால், "கண்ணு களைச்சுப் போயிருக்கு. கொஞ்சம் மூடிட்டுத் திறங்க." பெரும்பாலானவர்கள் மூன்றாவது சுற்றில் அலுத்துப்போய் வாங்கிக்கொள்வார்கள். பார்வை தெளிந்துவிட்டதாக அவர் சந்தோஷப்படுவார். இதில் வியாபாரத் தந்திரம் எதுவும் கிடையாது. மனப்பூர்வமாக நம்புகிறார்.

உள்ளறையில் லென்ஸ் அறுத்துத் தேய்க்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். முழங்கை வரை கண்ணாடித் தூள் படிந்து வெள்ளையாக இருக்கும். நாக்கு, தேய்க்கும் சக்கரத்தைவிடக் கூர்மை. பவர் சாரை நேருக்கு நேர் மறுத்துப் பேசும் ஒரே ஊழியர் அவர்தான். ஒரே ஊழியரும் அவர்தான்.

"ஏண்ணே, உங்க தம்பி இப்பத்தான் கடையைத் தாண்டிப் போறார். திரும்பிக்கூடப் பாக்கல."

"அவனுக்கு எதிர்வெளிச்சம் கூசும்மா. நான் கைகாட்டுறது தெரிஞ்சிருக்காது."

"ராத்திரிலதான் கூசும்."

"சில பேருக்குப் பகல்லயும் கூசும்."

தம்பி பேச்சை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. பவர் சாருக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் இலவசமாகக் கண் சோதித்துத் தருவதாக இருக்கிறார்.

இப்படிப்பட்டவரிடம் மீனை ஒப்படைத்துவிட்டுப் போனார் மனைவி.

மனைவியின் தங்கைக்கு முழங்காலில் அறுவை. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். போகிறவருக்கு வீட்டைப் பற்றிக் கவலை இல்லை, கணவரைப் பற்றியும் அவ்வளவாக இல்லை. கவலையெல்லாம் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் ஃபைட்டர் மீனைப் பற்றி. கட்டைவிரல் நீளம், உடம்பைவிடப் பெரிய நீல வால், தரையில் புரளும் பட்டுப்போல. கணவர் கடைக்குப் போன பிறகு நாளெல்லாம் அதனோடுதான் அவருக்குப் பேச்சு. விசிறிக்கொண்டு திரும்பும் அந்த முறுக்கையும், எதை வைத்தாலும் முகம் சுளிக்கும் தோரணையையும் பார்த்து அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"சிவப்பு டப்பா தீரப் போகுது. தீர்ந்தா சிவப்பு டப்பாவே வாங்குங்க. காலைல மூணு உருண்டை, சாயங்காலம் மூணு. உங்க பொறுப்புல விட்ட ரோஜாச் செடி என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?"

"அது வெயில் பத்தாம..."

"நான் வரும்போது மாப்பிள்ளை மல்லாந்து மிதந்தார்னா, நீங்க கடையிலயே பாய் விரிச்சுக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பெட்டியைத் தூக்கிய பிறகு திரும்பி வந்து தொட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மீனை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் பவர் சார் தொட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் கடைக்குக் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்த மாத்திரத்தில் மாப்பிள்ளை நான்கு நிலைக்கண்ணாடிகளிலும் நான்கு எதிரிகளைப் பார்த்துவிட்டது. செவுள் இரண்டும் கறுப்புத் தாடியாக விரிய, வால் முழுக்க நிமிர, ஒவ்வொரு எதிரியிடமும் முறை வைத்து வம்புக்கு நின்றது. பவர் சார் நிலைக்கண்ணாடிகளுக்குத் துணி கட்டினார். வந்த வாடிக்கையாளர்கள் தங்கள் முகத்தைப் பார்க்கத் துணியைத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கிய போதெல்லாம் ஒரு சண்டை.

சிவப்பு டப்பா தீர்ந்தது. மீன் கடையில் அலமாரி நிறைய டப்பாக்கள். சிவப்பு டப்பாவைக் கையில் எடுத்தவர் நெற்றியைச் சுருக்கினார். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சை டப்பா. வெள்ளைப் பின்னணியில் கொட்டை கொட்டையாகக் கறுப்பு எழுத்து, கடைசி வரி வரை அளவு குறையாமல். விலையும் அதிகம். இவ்வளவு தெளிவாக அச்சடிக்கிறவன் உள்ளே இருப்பதை மோசமாகச் செய்வானா? பச்சை டப்பாவோடு திரும்பினார். மனைவி இதைப் பார்த்திருக்க மாட்டாள் என்று வழியெல்லாம் பெருமை.

மாப்பிள்ளை மேலே வந்தது. உருண்டையை வாயில் வாங்கியது. துப்பியது. கீழே போய் ஒரு கூழாங்கல்லுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கூழாங்கல்லும் பழுப்பு, உருண்டையும் பழுப்பு. எடுப்பாத் தெரியல" என்றார் பவர் சார். தொட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டினார். மறுநாளும் துப்பியது. மேசை விளக்கைச் சாய்த்துவைத்தார். அதற்கும் துப்பியது.

"எதிராளி நல்லாத் தெரியுது, சோறு மட்டும் தெரியலையாக்கும்?" என்றார் உள்ளறை அம்மாள்.

"அதான்மா விஷயமே. தூரத்துல இருக்கிறது தெரியுது, மூக்குக்கு முன்னால இருக்கிறது தெரியல. மாப்பிள்ளைக்கு வெள்ளெழுத்து."

"மீனுக்கா!"

"வயசானா யாருக்கும் வரும்."

சாயங்காலம் மனைவியின் போன் வந்துவிடும். 'நீங்க சாப்பிட்டீங்களா' என்ற கேள்வி அதில் இருக்காது.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

"ம்... வாயில வெச்சார்."

"முழுங்கினாரா?"

"இங்க சிக்னல் விட்டு விட்டு வருது..."

கண் சோதனைக்கு லென்ஸ் செருகும் சட்டகத்தை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "உங்க மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா சார்?"

"எதை வெச்சாலும் துப்பிடுறார்மா. ஒரு வாரமா கல்லுக்குப் பின்னாலயே படுத்திருக்கார்."

"ஐயையோ. உங்க பொண்ணு என்ன சொல்லுது?"

"எனக்குப் பொண்ணு கிடையாதும்மா."

அந்த அம்மா சட்டகத்தை மெல்லக் கழற்றி வைத்துவிட்டு, பால் அடுப்பில் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மாப்பிள்ளை இளைத்தது. நீலம் வெளுத்து, நனைந்த பழைய துணியின் நிறத்துக்கு வந்தது. வால் விசிறவில்லை, பின்னால் தொங்கிக்கொண்டு வந்தது. நிலைக்கண்ணாடியின் துணியை யாராவது தூக்கினாலும், போகட்டும் என்று எதிரியை மன்னித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பவர் சார் நாள்காட்டியைப் பார்த்தார். மனைவி இரண்டொரு நாளில் திரும்பப் போகிறார். பாய் விரிப்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. வந்ததும் அவர் தொட்டிமேல் குனிவாரே, அந்தக் குனிதலை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடையைச் சாத்தும் பாதியில் சோதனை லென்ஸ்களின் பெட்டியைத் திறந்தார். தண்ணீரில் ஓர் உருண்டையைப் போட்டுவிட்டு, வட்ட லென்ஸ் ஒன்றைக் கைப்பிடியில் பிடித்துத் தொட்டியின் சுவரோடு ஒட்டி வைத்தார்.

"ப்ளஸ் ரெண்டு. தெரியுதா?"

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. உள்ளறை அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ப்ளஸ் மூணு. இப்ப?"

கண்ணைக் கிட்டே கொண்டுபோனார். தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் அந்தக் கண் எத்தனை பெரிய பிராணியாகத் தெரிந்ததோ, மாப்பிள்ளை சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தாடியை விரித்தது. அந்த வேகத்தில் நேராக மேலே போய், ஆடாமல் அசையாமல் குறி பார்த்து, மிதந்த உருண்டையைக் கவ்வியது.

"பாத்தியா! பாத்தியா! பவர்தான் பிரச்சினைன்னு சொன்னேன்ல!" பவர் சார் குரல் வெளித் தெரு வரை கேட்டது.

லென்ஸ் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டியது. அரிசியளவு வாய் அசைந்தது. ஒரு மெல்லல். இரண்டு மெல்லல். கறுப்பு மணிக் கண் ஒரு பக்கமாக உருண்டு உருண்டையைப் பார்த்தது, பிறகு இவரைப் பார்த்தது. பிறகு லென்ஸ் இருந்த பக்கமாகவே துப்பிவிட்டு, அவசரப்படாமல் திரும்பி, தொங்கும் வாலை இழுத்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போனது.



"அண்ணே, அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்றார் உள்ளறை அம்மாள். கிண்டல் பண்ணுகிற குரலில் சொல்லவில்லை. "பிடிக்கல. அவ்வளவுதான்."

பவர் சார் லென்ஸைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஒரு ஜீவன் தெளிவாகப் பார்த்து, கிட்டே வந்து, ருசியும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்கிறது. விளக்கைச் சாய்த்தோ நடைபாதைக்குக் கூட்டிப்போயோ இதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. முகத்தில் அறைந்தது போலவும் இருந்தது. அறைந்தவர்மேல் தப்பு இல்லாதது போலவும் இருந்தது.

அன்று போன் வந்தபோது சிக்னல் நன்றாக இருந்தது.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

"இல்ல. நான் சிவப்பு டப்பா வாங்கல. பச்சை வாங்கினேன். அதுக்கு... அதுக்கு அது பிடிக்கல."



"என்ன சொன்னீங்க?"

"பிடிக்கலன்னு சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். மனைவி திட்டவில்லை. "நாளைக்குப் போய் சிவப்பு டப்பா வாங்குங்க" என்று மட்டும் சொன்னார். ரோஜாச் செடி பற்றிய பேச்சே வரவில்லை. அதுதான் அவரை ரொம்பவும் பயமுறுத்தியது.

மீன் கடைக்காரர் கதவுப்பலகையை எடுக்கும் முன்பே பவர் சார் வாசலில் நின்றார். சிவப்பு டப்பா கேட்டார். வழக்கமாக நீளும் கை அன்று கடைக்காரரின் மூக்குக்குப் போகவில்லை. அவருடைய கண்ணாடியில் கைரேகை அப்பிக் கிடந்தும் போகவில்லை.

தன் கடைக்குத் திரும்பித் தொட்டியில் போட்டது மூன்றே மூன்று உருண்டை. மாப்பிள்ளைக்கு மேலே வரவே மனசில்லை. வந்தது. முதல் உருண்டையைக் கவ்வியது. மென்றது. துப்பியது.

உள்ளறை அம்மாள் பவர் சாரைப் பார்க்காமல் தேய்க்கும் சக்கரத்தைப் பார்த்தார். "சரி. அதுவும் வேணாம்னா வேணாம்" என்றார் பவர் சார். விளக்கைத் தேடவில்லை, லென்ஸையும் தேடவில்லை. மேசையைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

துப்பிய உருண்டை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதன் கூடவே இறங்கிப் பார்த்தது. யோசித்தது. பிறகு, உங்களுக்காக ஒன்றும் இல்லை என்கிற மாதிரி, கவ்வி விழுங்கியது. இரண்டாவதையும் அப்படியே, ஒரு தடவை துப்பிவிட்டு. மூன்றாவதை நேராக.

"மாப்பிள்ளை முறுக்குன்னா சும்மாவா?" என்றார் உள்ளறை அம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கண்ணாடித் தூள் என்றார்.

மனைவி ஊரிலிருந்து நேராகக் கடைக்கே வந்தார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, தொட்டிமேல் குனிந்தார். மாப்பிள்ளை இளைத்துத்தான் இருந்தது. ஆனால் அவர் குரலுக்கு வால் விரிந்தது.

"எலும்பும் தோலுமா ஆக்கி வெச்சிருக்கீங்க."

"ஆமா."

"தெளிவா எழுதியிருக்குன்னு பச்சை வாங்கினீங்களாக்கும்?"

"ஆமா."

மனைவி நிமிர்ந்து அவரை ஒரு புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் இந்த ஃப்ரேம் பிடிக்கல."

"எப்பலருந்து?"

"நீங்க மாட்டிவிட்ட அன்னிலருந்து."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். 'உன் மூக்குக்கு இன்னும் பழகல'ன்னீங்க."

சக்கரச் சத்தம் உள்ளறையில் நின்றுபோனது. பவர் சார் குனிந்து இழுப்பறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எல்லா ஃப்ரேம் தட்டுகளையும் மனைவியின் முன்னால் பரப்பினார். கை, பழக்கத்தில், ஒரு தங்கநிற ஃப்ரேமை நோக்கிப் போய்ப் பாதியில் திரும்பியது. கைக்கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் சுவர்ப் பக்கமாகத் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.