நெல்லிக்காய் அளவு எலுமிச்சம்பழம்

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி செய்து, போனில் படம் போட்டு விற்கிறேன். என் ஜாடி சின்னது. படத்தில் பெரிதாகத் தெரியட்டுமென்று சந்தையில் கூடை கூடையாகக் கிளறி, நெல்லிக்காய் அளவில் நான்கு எலுமிச்சம்பழம் பொறுக்கி வந்து பக்கத்தில் வைத்து எடுத்தேன். ஜாடியின் அளவை மட்டும் எழுதவில்லை.

வேப்பூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஆறு ஜாடி கேட்டார். பார்சலை பஸ்ஸில் ஏற்றிவிட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாரானேன்.

"ஜாடி ஒடையாம வந்துடுச்சுங்க, அழகா இருக்குது. ஊறுகா போடலாம்னு பாத்தா மூணு பழத்துக்கு மேல புடிக்கல. எங்க ஊரு எலுமிச்ச பெருசு போலருக்குதுங்க. நீங்க எங்க வாங்குனீங்க?"

அவர் கேலி செய்தாரா, வெள்ளந்தியாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மை தொண்டை வரை வந்தது.

"சந்தையிலதாங்க" என்றேன்.

இப்போதெல்லாம் ஜாடியை என் உள்ளங்கையில் வைத்துத்தான் படம் எடுக்கிறேன். அளவையும் எழுதுகிறேன். அந்த அம்மாவுக்கு மட்டும் இன்னும் போன் செய்யவில்லை.