சிவப்புத் தரைக்கு நான் அடித்த வெள்ளை

எங்கள் வீட்டு ஹாலுக்கும் பக்கத்துச் சின்ன அறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அதை இடிக்கச் சொன்னது நான்தான். அப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் எதையாவது மாற்றாமல் என் கை சும்மா இருக்காது. திருவண்ணாமலையில் வீடு இருக்கிறவர்களுக்குத் தீபத்தன்று உறவுக்காரர்கள் குறைவதே இல்லை. இரண்டு அறைகளில் இருபது பேர் மடங்கிப் படுப்பதற்குப் பதில் ஒரே பெரிய ஹாலில் காலை நீட்டிப் படுக்கலாமே என்று கிராஃப் தாளில் படம் போட்டு அப்பாவிடம் காட்டினேன். மேஸ்திரி வந்து சுவரை நாலு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது சும்மா தடுப்புதாங்க, மேல எதையும் தாங்கல" என்றார்.

அம்மா மட்டும், "என் தரை இன்னா ஆவறது?" என்று கேட்டாள்.

"அது என் பொறுப்பும்மா."

சிவப்பு சிமெண்ட் தரை அது. பத்து வருஷம் எங்கள் கால்களே தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தன. பூரி உருட்டக் குனிந்தால் அம்மாவுக்குத் தன் மூக்குத்தி தரையில் தெரியும்.

தரையைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்கு இருந்தது. மெட்ராஸுக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. "அக்கா தீபத்துக்கு வரும்ல, ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார். அப்பாவின் அக்கா கீழ்பென்னாத்தூரில் இருந்தார். கிணற்றுக்கு மோட்டார் போடுவதிலிருந்து ஜாதகம் வரைக்கும் எங்கள் வீட்டில் அத்தையின் ஒரு வார்த்தை இல்லாமல் எதுவும் நடக்காது. அந்த அத்தைக்கு எங்கள் வீட்டில் மிகவும் பிடித்தது அந்தத் தரைதான். வந்ததும் பையை வைத்துவிட்டு வெறும் தரையில் முதுகை நீட்டுவார். தலையணை கேட்க மாட்டார். தலையில் வழிய வழிய விளக்கெண்ணெய் வைப்பவர் என்பதால் அம்மாவும் வற்புறுத்திக் கொடுக்க மாட்டாள்.

தீபத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சுவர் விழுந்தது. ஒரே பகலில் முடிந்துவிட்டது. செங்கல்லை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். சுவர் நின்ற இடத்தில் மேஸ்திரி சிவப்புப் பொடி கலந்து ஒரு பட்டை பூசிவிட்டுப் போனார். மிச்சம் இருந்தது தூசி. பழைய சுண்ணாம்புச் சாந்தின் தூசி, கணுக்கால் வரைக்கும். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றிலிருந்து இருபது வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். தென்னந்துடைப்பத்தால் தள்ளினேன். தரை செக்கச்செவேல் என்று தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தால் தரை வெள்ளையாக இருந்தது.

மறுநாளும் கழுவினேன். ஈரமாக இருக்கும்வரை சிவப்பு, காய்ந்தால் வெள்ளை. மூன்றாம் நாள் நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தேன். இன்னும் வெள்ளையானது. நான்காம் நாளும் கழுவிவிட்டு வாளியும் கையுமாக நிற்கும்போதுதான் உறைத்தது. சுண்ணாம்பையும் தண்ணீரையும் கலந்து துடைப்பத்தால் தேய்த்தால் அதற்கு வெள்ளையடிப்பது என்று பெயர். கெமிஸ்ட்ரி மாணவியான நான் தரைக்கு நாலு கோட் அடித்து முடித்திருந்தேன்.

அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் அடிச்சிருக்க. செவுத்துக்கும் இப்படியே அடிச்சிடேன், கூலி மிச்சம்" என்றார்.

ஆசிட் போடலாம் என்று கக்கூஸ் கழுவும் பாட்டிலை எடுத்துவந்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "ஊத்து. வெள்ளையும் போவும், தரையும் போவும், அப்புறம் மண்ணுல படுத்துக்கலாம்."

மிச்ச நாட்கள் காய்ந்த துணியால் துடைத்தேன். துணிதான் வெளுத்தது.

தீபத்தன்று காலையில் வேறு வழி தெரியவில்லை. தரை நனைந்திருந்தால் சிவப்பாக இருக்கிறது, அவ்வளவுதானே? நனைத்தே வைத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அத்தை அங்கிருந்து நடந்து, விரதத்தோடு, பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். ஹாலைப் பார்த்தார். "அட, பெருசாயிட்ச்சே!" என்று பையை வைத்தார். முதுகை நீட்டக் குனிந்தார்.

"அத்தே, ஈரம்! இப்பதான் துடைச்சேன். நாற்காலில உக்காருங்க."

அத்தை உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் ஜன்னலோரம் வெளுக்க ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்த் துடைத்தேன். அப்பா உதவி செய்வதாக நினைத்து மின்விசிறியைப் போட்டார். நான் நிறுத்தினேன். அவர் மறுபடி போட்டார்.

"இன்னாடி இது, வந்ததுலேந்து துடைச்சிக்கினே இருக்க? தரைக்கு ஜுரமா?" என்றார் அத்தை.

"தூசி ஜாஸ்தி அத்தே."

"எங்க ஊட்ல களத்துமேடே இருக்கு. அங்க கூட இவ்ளோ துடைக்க மாட்டாங்க."

மூன்றாவது முறை வாளியை நிரப்பிக்கொண்டு கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தபோது அத்தை நாற்காலியில் இல்லை. காய்ந்து வெளுத்த மூலையாகப் பார்த்து, மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என் எம்.எஸ்ஸி. அந்தக் குறட்டையோடு போய்விட்டது என்று வாளியைக் கீழே வைத்தேன்.

நாலரை மணிக்கு அத்தை எழுந்தார். அரக்குப் புடவையின் முதுகுப் பக்கம் முழுக்க வெள்ளை.

"அக்கா, விபூதி கொஞ்சம் ஜாஸ்தியா பூசிட்ட போலக்கீதே" என்றார் அப்பா.

அத்தை தலையைத் திருப்பிப் புடவையைப் பார்த்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். தோளும் இடுப்பும் இருந்த இடம் மங்கலாகச் சிவந்திருந்தது. தலை இருந்த இடத்தில் மட்டும், ஒரு தாம்பாளம் அளவுக்கு, பழைய தரை! குனிந்தேன். என் மூக்கு தெரிந்தது. விளக்கெண்ணெய் வாசம் அடித்தது.

சமையலறைக்கு ஓடினேன். விளக்குகளுக்காக அம்மா வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெய் தகர டின்னில் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து எண்ணெயில் முக்கித் தேய்க்க ஆரம்பித்தேன்.

"அடிப்பாவி, அது விளக்குக்கு வெச்சதுடீ!" என்று அம்மா ஓடிவந்தாள். வந்தவள் தரையைப் பார்த்தாள். வேட்டியில் இன்னொரு துண்டு கிழித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "தரை போட்ட மேஸ்திரி அப்பவே சொன்னாரு, எண்ணெ போட்டாதான் இது நிக்கும்னு" என்றாள். பத்து வருஷத்தில் அவள் அதை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னாள். வாசலில் நின்ற அப்பா, "எனக்கும் தெரியும்" என்று உள்ளே ஓர் அடி வைத்தார். வழுக்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏறியது. மாடியில் எல்லோரும் அரோகரா என்று கத்தினோம். என் கை எண்ணெயாக இருந்ததால் புறங்கையால் கும்பிட்டேன்.

கீழே வந்து வீட்டு விளக்கை ஏற்றப் போனால் டின்னில் எண்ணெய் கம்மி. அறுபது விளக்கு வைக்கிற இடத்தில் பதினெட்டுதான் தேறியது. அம்மா என்னை முறைத்துக்கொண்டே அவற்றை ஹாலில் வரிசையாக வைத்தாள். தரை ஒவ்வொரு சுடரையும் தலைகீழாக இன்னொரு முறை காட்டியது.

அத்தை எண்ணிப் பார்த்தார். "முப்பத்தாறு இருக்கு. போதும்."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா, இவ மெட்ராஸ் போயி மேல படிக்கணும்ன்றா" என்றார்.

அத்தை கழற்றி வைத்த புடவையை எடுத்து முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி விரித்தார். என்னைப் பார்த்தார். ஹாலின் மறுபக்கம் மிச்சமிருந்த சமையலறைச் சுவரைப் பார்த்தார்.

"அனுப்பிடு தம்பி, சீக்கிரமா அனுப்பிடு. இங்கயே இருந்தா அடுத்த தீபத்துக்கு அதையும் இடிச்சிடுவா."